மலை பார்க்கும் பலகைகள்

நல்லபெருமாள் முதலாளியின் மர மில்லில் பலகைகள் திரும்ப ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலையில், டீக்காரர் வந்து போய், எல்லாரும் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மரம் அறுக்கிற பேண்ட்சா உறுமத் தொடங்கி, முதல் மரத்தடியிலிருந்து அறுத்த முதல் பலகை என் உருளை மேஜைக்கு வந்து சேர்ந்த நேரத்தில். நான் அதை நேராகத்தான் வைத்தேன். கையை எடுத்தேன். பலகை, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி, சத்தம் இல்லாமல் மெதுவாகத் திரும்பி, தலைப்பக்கத்தைத் தென்மேற்கு மூலையில் தெரிகிற மலைக்கு நேரே வைத்துப் படுத்துக்கொண்டது.

திருப்பி வைத்தேன். திரும்பிக்கொண்டது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் திரும்பிக்கொண்டது. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்னட்டி வேணும் உனக்கு?" என்று கேட்டேன். பலகை பதில் சொல்லவில்லை. பலகைகள் திரும்பத்தான் செய்தன, கடைசி வரைக்கும் எதுவும் பேசவில்லை.

எங்கள் ஊர் ஈச்சம்பொத்தை. செங்கோட்டையைத் தாண்டி மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், மழைக்கு முதலில் நனைகிற ஊர். மில்லில் இரண்டு வேலை உண்டு. தடியைப் பலகையாக அறுப்பது ஒன்று. அது பூதத்தான் மேஸ்திரியின் ராஜ்யம். இருபது வருஷமாக பேண்ட்சாவில் நிற்கிறார், பத்து விரலும் அப்படியே இருக்கின்றன, அந்தப் பெருமையும் அப்படியே இருக்கிறது. அவர் அறுத்துத் தள்ளுகிற பலகைக்கு இரண்டு ஓரமும் பட்டையோடு கோணல்மாணலாக இருக்கும், அடிப்பக்கம் அகன்றும் தலைப்பக்கம் ஒடுங்கியும் இருக்கும். அந்தப் பட்டை ஓரங்களை நறுக்கி, கோணல் பலகையை நேர் பலகையாக்குவது இரண்டாவது வேலை. அதற்கு முதலாளி புதிதாக ஒரு ஓரம்வெட்டும் மிஷின் வாங்கியிருந்தார். உருளை மேஜையில் பலகையைக் கிடத்தினால், இரண்டு பக்கமும் இரும்பு விரல்கள் நீண்டு வந்து அதை நடுவுக்குத் தள்ளும். மேலேயிருந்து ஒரு சிவப்பு லைட் கோடு பலகையின் மேல் விழும். மரம் வீணாகாமல் கோடு எங்கே விழ வேண்டும் என்று பார்த்து, ஆள் மிதியை அழுத்தினால், விரல்கள் விலகி, பலகை முன்னே போய், இரண்டு வட்ட வாளும் இரண்டு ஓரத்தையும் ஒரே மூச்சில் சீவிவிடும்.

அந்த ஆள் நான், முப்புடாதி. தடி தூக்கத் தெரியாத எனக்கு அந்த வேலை கிடைத்தது எப்படியென்றால், ஆறு வருஷம் பாவாடைக் கம்பெனியில் துணி வெட்டினவள் நான். கோணல் துணியில் நேரைக் கண்டுபிடித்து, மிச்சம் விழாமல் வெட்டுகிற கண் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு, கைக்குழந்தையோடு வந்தால் பஸ்ஸிலேயே ஏற்றமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நல்லபெருமாள் முதலாளி, "தராசு ரூம்ல தொட்டில் கட்டிக்கோ, சத்தம் கேக்காம கதவச் சாத்திக்கோ, கண்ணாடி வழியா பாத்துக்கோ" என்றார். அன்றையிலிருந்து என் மகள் தியாழினி கண்ணாடிக்கு அந்தப் பக்கமும், நான் இந்தப் பக்கமுமாக, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டே பிழைத்தோம். பிள்ளையும் கண்ணில் பட்டு, சம்பாத்தியமும் கையில் இருக்கிற வேலை எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளைக்கும் கிடையாது. எனக்கு இருந்தது. அதைத்தான் அந்தப் பலகைகள் அசைத்துப் பார்த்தன.

பலகை சும்மா திரும்பினால் பரவாயில்லை. முதலாளி அந்த மிஷினை நல்ல நாள் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பலகை கிழக்குப் பார்த்து வெளியே வரும்படி, எட்டு போல்ட் வைத்துத் தரையோடு கான்கிரீட் போட்டு இறுக்கியிருந்தார். லாபம் கிழக்கிலிருந்துதான் வரும் என்பது அவர் கணக்கு. இரும்பு விரல் பிடித்திருக்கிற வரைக்கும் பலகை கிழக்கே பார்க்கும். விரல் விலகி வாளுக்குள் போகிற அந்த நொடியில் மலையைப் பார்த்து ஒரு இழுப்பு இழுக்கும். வாள் சாய்வாகக் கடிக்கும். ஒரு முனையில் ஒரு முழம் அகலம், மறு முனையில் ஒரு சாண் அகலம் என்று பலகைகள் ஆப்பு ஆப்பாக வந்து விழுந்தன.

பதினோராவது ஆப்பு விழுந்ததும் பூதத்தான் மேஸ்திரி பேண்ட்சாவை நிறுத்திவிட்டு வந்தார்.

"பாவாடை தைக்கிற கை பலகையிலயும் கொசுவம் வைக்குதோ?"

"அண்ணாச்சி, பலகை திரும்புது."

"ஆமா, திரும்பும். வண்டியில ஏறி வந்த களைப்பு. கால நீட்டுது." அவர் மீசைக்குள் சிரித்தார். "நான் அறுத்து அனுப்பையில ஒழுங்காத்தானே வருது? உன் மேஜைக்கு வந்த பிறகு என்ன கேடு? பால் மணம் பட்டு மிரளுதோ என்னவோ."

"பால் மணத்துக்கு மிரண்டா நீங்களும்தான் மிரண்டிருக்கணும். உங்கம்மா மடியிலேயே பட்டினி கெடந்திருப்பீங்க."

தடி உருட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பலகையை நேராக்கி, அதன் நடுவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இப்பத் திரும்பட்டும், பாப்போம்" என்றார். எண்பது கிலோ மனுஷர். பலகை அவரையும் சேர்த்து, வாயில் பீடியோடு, சப்பரத்தில் வருகிற சாமி மாதிரி மெல்லச் சுற்றி, மலையைப் பார்க்க உட்கார வைத்தது. அவர் ஒரு இழுப்பு இழுத்துப் புகையை விட்டு, மலையைக் கொஞ்ச நேரம் பார்த்து, "காத்து நல்லாத்தான் வருது" என்றார். பிறகு இறங்கிப் போய் முதலாளியிடம் கோள் சொன்னார்.

முதலாளி வந்தார், பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். அவர் கவலை வேறு. கடற்கரையில் வள்ளம் கட்டுகிற சூசை ஓடாவி, இரண்டு வள்ளத்துக்குத் தொண்ணூற்றாறு அயினி மரப் பலகை கேட்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் லாரி வரும். வள்ளத்துப் பலகைக்கு ஓரம்தான் உயிர். இரண்டு பலகை ஓரமும் ஒட்டுகிற இடத்தில் நூல் இடைவெளி இருந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும். அவரிடம் ஆப்பை நீட்ட முடியாது.

"முப்புடாதி, நான் கெட்டவன் இல்ல" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள தொண்ணூத்தாறும் நேரா வந்தாகணும். வரலன்னா பூதத்தான் மச்சினன் வந்து நிப்பான். பழையபடி நூல் பிடிச்சு வெட்டிக்கிடுவோம். நீ வேற எடம் பாத்துக்கோ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தியாழினி விழித்துக்கொண்டு, பல் இல்லாத வாயால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஊருக்கு விஷயம் தெரிய அரை நாள்கூட ஆகவில்லை. பலகை ஏன் திரும்புகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "எல்லாப் பலகையுமா, தேக்கு மட்டுமா?" என்று கேட்டார்கள். எல்லாம்தான் என்றேன். "அப்ப சரி, தேக்கு மட்டும்னா அதுக்குக் கொழுப்புன்னு சொல்லலாம்" என்று போனார்கள். நாங்கள் சீவித் தள்ளுகிற பட்டை ஓரங்களை விறகுக்கு அள்ளிப் போகிற கோமதி மயினி, வியாழக்கிழமை காலையில் கூடையோடு வந்து, விறகு அடுப்புக்குள் போன பிறகும் திரும்புகிறது என்றும், அதன் புகை காற்றை எதிர்த்து மலையைப் பார்த்தே போகிறது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, "நல்லதாப் போச்சு, இனிமே துணிய கெழக்கால காயப் போட்டா புகை நாறாது" என்று அடுத்த கூடையை நிரப்பினாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லாக் கொடிக்கயிறும் வீட்டுக்குக் கிழக்கே மாறிவிட்டது. பட்டைப் பலகையில் அடித்த வேலிகள் எல்லாம் மலைப் பக்கமாகச் சாய்ந்து நின்றன, ஆடுகள் தலையை ஆட்டியபடி அவரைக் கொடிக்குள் புகுந்தன, ஆட்டுக்காரர்களும் தோட்டக்காரர்களும் ஒரு நாள் சண்டை போட்டு மறுநாள் வேலியின் சாய்வுக்குத் தக்கபடி முளைக்குச்சியை நகர்த்திக்கொண்டார்கள். மாடசாமி கோயிலுக்கு முன்னால் கிடந்த பட்டைப் பெஞ்சு சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. பூசாரி பூப் போட்டுக் கேட்டதில் சாமிக்கு வருத்தம் இல்லை என்று வந்தது. பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குத்தான் கழுத்து வலி வந்தது. மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர் டவுனிலிருந்து வந்து, திசைகாட்டியை வைத்துப் பார்த்து, பலகையை வைத்துப் பார்த்து, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து, தட்சிணை கேட்காமல் போய்விட்டார்.

மில்லிலும் எல்லாரும் அவரவருக்குத் தெரிந்த வைத்தியம் செய்தார்கள். பலகை மேல் கல்லைத் தூக்கி வைத்தார்கள், கல்லோடு திரும்பியது. கயிறு போட்டுத் தூணில் கட்டினார்கள், தூண் முனகியது, கட்டு அவிழ்ந்தது. ஒருத்தர் ஆணியை அடிக்கப் போனார். ஆணி மேல் வாள் ஓடினால் வாளும் போய்விடும் கண்ணும் போய்விடும் என்று நான் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டேன்.

விடை வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது. தராசு ரூமில் உட்கார்ந்து தியாழினியை மடியில் போட்டேன். பசி வந்துவிட்டது அவளுக்கு. முகத்தை என் பக்கம் திருப்பினாள். எட்டி டிபன் டப்பாவை எடுக்க அவளை மறு கைக்கு மாற்றினேன், அந்தப் பக்கமிருந்தும் என் பக்கம் திரும்பினாள். எப்படிப் போட்டாலும், கண்ணைத் திறக்காமலே, திரும்ப வேண்டிய பக்கம் திரும்பினாள். நான் அவளைப் பார்த்தேன், கண்ணாடி வழியாகப் பலகையைப் பார்த்தேன். ஆத்தாடி, இது மிரளவில்லை, இது தேடுகிறது என்று எனக்குப் பட்டது.

என் வீட்டுக்காரர் தடி லாரி ஓட்டுகிறவர். போனைப் போட்டேன்.

"புதன்கிழமை நீங்க ஏத்திட்டு வந்த அயினித் தடி எங்க உள்ளது?"

"புளியரைக்கு அங்கிட்டு உள்ள சரிவு. எதுக்குக் கேக்க? சாப்பிட்டியா?"

"அது தெக்கு மேக்கா?"

"ஆமாம்மா. நீ சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"அதுக்கு முந்தின லோடு?"

"அது அச்சன்கோவில் சரிவு, வடமேக்கு மலை. பிள்ள சாப்பிட்டாளா?"

பிள்ளை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். முந்தின லோடில் மிஞ்சிக் கிடந்த ஒரு பலகையை எடுத்து உருளையில் வைக்கச் சொன்னேன். அது நிதானமாகத் திரும்பி வடமேற்கைப் பார்த்தது. இரண்டு ஓரமும் பட்டை போன ஒரு பலகையை வைக்கச் சொன்னேன். அது வைத்த இடத்தில் வைத்தபடி, பழைய கதவு மாதிரிக் கிடந்தது. விளங்கிவிட்டது. பட்டை இருக்கிற வரைக்கும் பலகைக்குத் தான் நின்ற இடம் ஞாபகம் இருக்கிறது. பட்டை போனால் மறந்துவிடுகிறது.

நேரே முதலாளியிடம் போனேன்.

"முதலாளி, பலகை தான் நின்ன மலையப் பாக்குது. நாம மிஷினைக் கிழக்க பாக்க வச்சிருக்கோம். நடுவுல வாளு கெடந்து முழிக்கி. மிஷினைத் திருப்புவோம்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "கான்கிரீட்டு போட்டிருக்கு."

"உடைப்போம்."

"கிழக்கு பாத்து வச்சதத் திருப்பினா குடும்பம் திரும்பிரும்."

"உங்க குடும்பம் பூராவும் போன மாசம் அச்சன்கோவிலுக்குப் போகல? மேக்க பாத்துத்தானே போச்சு? நல்லாத்தானே திரும்பி வந்துச்சு?"

பூதத்தான் மேஸ்திரி பின்னாலிருந்து, "ஒரு லோடு தெக்கால பாக்கும், ஒரு லோடு வடக்கால பாக்கும். தெனமும் கான்கிரீட்ட உடைச்சு உடைச்சுப் போடுவியோ?" என்றார். முதல் தடவையாக நியாயமான கேள்வி. அதே சரிவிலேயே நாலு இடத்தில் வெட்டின தடி இருந்தது. நான் யோசித்தேன். மிஷின் சுற்ற வேண்டும். கனம் தாங்கிச் சுற்ற வேண்டும். ஒரு கை தள்ளினால் சுற்றி, கையை எடுத்தால் நிற்க வேண்டும். அப்படி ஊரில் என்ன இருக்கிறது?

"மைதீன் பிச்சை மாமாவோட குடைராட்டினம்" என்றேன்.

குடைராட்டினம் என்றால் கொடை விழாவுக்குக் கொடை விழா, குதிரையும் யானையும் கட்டிப் பிள்ளைகளைச் சுற்றிவிடுகிற ராட்டினம். மாமா அதை இப்போது ஓலைக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"உடைச்சுட்டு, அப்பவும் நேரா வரலன்னா?" என்று கேட்டார் முதலாளி.

"வரலன்னா நீங்க என்னப் போகச் சொல்ல வேண்டாம். நானே தொட்டிலக் கழத்திட்டுப் போறேன்."

அவர் ரொம்ப நேரம் கிழக்கைப் பார்த்தார். கிழக்கில் எதுவும் வரவில்லை. கடப்பாரையை எடுத்து முதல் போடு அவரே போட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் திருவிழாதான். மைதீன் பிச்சை மாமா ராட்டினத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "ஏ மருமவளே, முப்பது வருசமா பிள்ளைகளத்தான் சுத்தினேன், மிஷினுக்கு வாந்தி வருமான்னு தெரியல" என்றார். குதிரைகளைக் கழற்றினார்கள். ஒரே ஒரு நீலக் குதிரை மட்டும் துருப்பிடித்துப் போய் வரமாட்டேன் என்றது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பேரிங்குக்கு ஒரு டப்பா கிரீஸ் போயிற்று. மேலே உத்திரத்திலிருந்து கரண்டு ஒயரை முறுக்கிக்கொள்ளாமல் தொங்கவிட்டார்கள். ஓரம்வெட்டும் மிஷினையும் உருளை மேஜையையும் செயின் போட்டுத் தூக்கி, பலகைத் தட்டு பரப்பிய ராட்டினத்தின் மேல் இறக்கினபோது, ஊர் முழுக்க மில்லுக்குள் நின்றது. கோமதி மயினி குலவை போட்டாள். முதலாளியம்மா திரும்பவும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். எந்தத் திசைக்கு வைப்பது என்று கேட்டார். "நடுவுல வைங்கம்மா, எல்லாத் திசைக்கும் பொது" என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பூதத்தான் மேஸ்திரியின் மச்சினன் வந்துவிட்டார். முறுக்கு மீசை, துவைத்த சட்டை, கையில் நாலு அடுக்கு டிபன் கேரியர். என் இடத்தில் நிற்க வந்த ஆள், என் இடம் காலியாகட்டும் என்று சுவரோரமாக நின்றார். நான் தியாழினியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ராட்டினத்தில் ஏறி, முந்தானையைச் செருகிக்கொண்டு, முதல் பலகையை வைக்கச் சொன்னேன்.

பலகை திரும்பியது. திரும்பட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது ஆசைதீரத் திரும்பி, மலையைப் பார்த்து அடங்கினது. "மலைக்குக் கொஞ்சம்" என்றேன். கீழே நின்ற பன்னிரண்டு பேர் ராட்டினத்தைத் தள்ளினார்கள். பலகை படுத்தபடியே கிடக்க, அதற்கு அடியில் மிஷின் சுற்றிக்கொண்டு போயிற்று. "திருப்பி ஆத்துப் பக்கமா ஒரு சாண். போதும். மலைக்கு ஒரு விரக்கடை. நிப்பாட்டு!" சிவப்புக் கோடு பலகையின் முதுகுத்தண்டில் வந்து உட்கார்ந்தது. இரும்பு விரல்கள் வந்து தொட்டன, தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை என்று விலகின. மிதித்தேன். பலகை, மலையைப் பார்த்தபடியே, வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில், இரண்டு வாளுக்கும் நடுவே ஒரு நடுக்கம் இல்லாமல் போயிற்று. எடுத்துப் பார்த்தேன். ஒரு முனையில் ஒரு முழம். மறு முனையில் ஒரு முழம்.

அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை, மற்றவர்கள் எண்ணினார்கள். பலகை வரும், திரும்பும், ராட்டினம் சுற்றும், கோடு விழும், வாள் பாடும், பட்டை ஓரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரிப்பன் மாதிரிச் சுருண்டு விழும், கோமதி மயினி அதை அள்ளும்போதே அது மலையைப் பார்த்துத் திரும்பும், நீலக் குதிரை ஒரு பக்கம் போய் மறு பக்கம் வரும், மரத்தூள் மஞ்சள் மாதிரி எல்லாத் தலையிலும் விழும், தள்ளுகிறவர்கள் ஏலேலோ பாடுவார்கள், மாமா கிரீஸ் போடுவார், அடுத்த பலகை வரும். அறுபதாவது பலகையில் ஒரு ஆளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சுவரோரம் நின்ற மச்சினன் டிபன் கேரியரை ஆணியில் மாட்டிவிட்டு வந்து தோளைக் கொடுத்தார். பூதத்தான் மேஸ்திரி அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி அடுத்த தடியை ஏற்றினார்.

தொண்ணூற்றைந்து வந்தது. லாரியும் வந்தது. சூசை ஓடாவி இடுப்பில் கட்டம் போட்ட சாரத்தோடு இறங்கி, ராட்டினத்தைப் பார்த்து, குதிரையைப் பார்த்து, ஒரு தடி மேல் உட்கார்ந்தார். மணி பதினொன்றே முக்கால்.

தொண்ணூற்றாறாவது பலகை நிற்கவில்லை. தெற்கே போனது, அடங்கப்போகிற மாதிரி இருந்தது, மனதை மாற்றிக்கொண்டு மேற்கே போனது, அங்கேயும் இருக்கவில்லை. தெற்கு, மேற்கு, தெற்கு, மேற்கு. தள்ளுகிறவர்கள் அதோடு ஓடி ஓடி மூச்சு வாங்கினார்கள்.

"அது கிறுக்கு. தூக்கிப் போட்டுட்டு வேற எடு" என்றார் பூதத்தான் மேஸ்திரி.

"வேற அயினித் தடி கிடையாது" என்றார் முதலாளி. அவர் குரல் கீச்சென்று வந்தது.

"நாத்துப் பண்ணையில முளைச்சு, பிடுங்கிட்டுப் போயி வேற எடத்துல நட்ட மரமா இருக்கும்" என்றார் மாமா.

நான் பலகையைப் பார்த்தேன். பிறந்தது ஒரு ஊர், வளர்ந்தது ஒரு ஊர். இந்தக் கூட்டத்தில் நின்ற எத்தனை பொம்பளைகளுக்கு அது புது விஷயம்? "இது கிறுக்கு இல்ல அண்ணாச்சி, இதுக்கு ரெண்டு வீடு" என்றேன். "ரெண்டுல ஒண்ணப் பாக்கச் சொல்லி அதைத் திட்ட முடியாது. எல்லாரும் சும்மா இருங்க. ராட்டினத்தத் தெக்க வச்சு நிப்பாட்டுங்க."

நிறுத்தினார்கள். பலகை தெற்கே வந்தது, போயிற்று. வந்தது, போயிற்று. நான் வாய்க்குள் எண்ணினேன். பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிற எவளுக்கும் தெரியும், தொட்டில் ஒரு ஓரத்துக்குப் போய்த் திரும்புவதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நிற்கும். அந்த மூச்சில்தான் பிள்ளையின் கையில் கிலுகிலுப்பையைக் கொடுக்க முடியும். பலகை தெற்கே வந்தது. நின்றது. கோடு முதுகுத்தண்டில் விழுந்தது. மிதித்தேன்.

வாள் பாடி முடித்தது. சூசை ஓடாவி எழுந்து வந்து, அந்தப் பலகையையும் அதற்கு முந்தின பலகையையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒரு நூல் வெளிச்சம் வரவில்லை. "யாரு பிள்ள இத வெட்டினது?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். பதின்மூன்றாவதாக மச்சினனும் காட்டினார். மில் தகரக் கூரை அதிரும்படி சத்தம் எழும்பியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தியாழினி முழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே இரண்டு கையையும் தட்டினாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை தேக்கு லோடு வருது, முப்புடாதி. காலையில வெள்ளனையே வந்துரு" என்றார். அவ்வளவுதான். அது போதும். மச்சினன் டிபன் கேரியரைத் திறந்து நடுவில் வைத்து, "எக்கா, தள்ளுறதுக்கு நானும் வரவா?" என்று கேட்டார். "மீசையில மரத்தூள் ஒட்டும், சம்மதம்னா வாங்க" என்றேன்.

பலகை எல்லாம் லாரியில் ஏறினபிறகு சூசை ஓடாவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடலுக்குள்ள போனா எங்களுக்கு மலைதான் பிள்ள அடையாளம். மலை மறைஞ்சிட்டா கரையும் மறைஞ்ச மாதிரி. பட்டையோட உள்ள பலகை மலையப் பாக்கும்கியளே, ஒரு துண்டு தாங்களேன்."

"ஓரம் வெட்டாத பலகை நம்ம மில்லை விட்டு வெளிய போனது இல்ல. பேரு கெட்டுரும்" என்றார் முதலாளி.

"இதுக்கு ஓரம் வெட்டினாத்தான் முதலாளி பேரு கெடும்" என்றேன். பதினோரு ஆப்பிலும் பட்டை போயிருந்தது. அதனால் அயினி மரத்தின் பக்கவாட்டுச் சீவலில், பட்டை இருக்கிறதாகப் பார்த்து, முழ நீளத்துக்கு இரண்டு துண்டு எடுத்தேன். நடுவில் ஒரு துளை போட்டேன். "ஒரு ஆணிதான் அடிக்கணும், அதுவும் லூசா. ரெண்டாவது ஆணி அடிச்சீங்கன்னா அதுக்குத் திரும்ப முடியாது" என்று சொல்லிக் கொடுத்தேன்.

வள்ளங்கள் இறங்கி மூன்றாம் வாரம், கடற்கரையில் நாலு நாள் மழை மூட்டம். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாய், மலை இருந்த இடத்தில் மலை இல்லை, கரை இருந்த இடத்தில் கரை இல்லை, கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பவில்லை என்று டீக்கடை டிவியில் சொன்னார்கள். ஐந்தாம் நாள் காலையில் முதலாளியின் போன் அடித்தது. அவர் காதில் வைத்துக் கேட்டார், கேட்டுக்கொண்டே பேண்ட்சாவை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். போனை ஸ்பீக்கரில் போட்டு எனக்கு நேரே நீட்டினார்.

"பிள்ள, கேக்கா?" சூசை ஓடாவிக்குப் பின்னால் கடல் இரைந்தது, ஆயிரம் பேர் இரைந்தார்கள். "முன்னால நம்ம ரெண்டு வள்ளம். உன் கட்டை ரெண்டும் கரையப் பாத்து அப்படியே நிக்கி, அசையல. அதப் பாத்து நாங்க ஓட்ட, எங்க வெளிச்சத்தப் பாத்து பின்னால மத்தவன் ஓட்ட, முப்பத்திரெண்டு வள்ளம் பிள்ள! கோர்த்த மணி மாதிரி வந்து கரை ஏறிட்டோம். ஒரு ஆள் குறையல. இங்க உள்ள எல்லாப் பொம்பளையும் உன் பேரச் சொல்லிக்கிட்டு நிக்கிறாளுவ. முப்பது கட்டை வேணும். இன்னைக்கே ஆள் வருது!"

மில்லில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓடியது. மாமா ராட்டினத்தை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். மச்சினன் தியாழினியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் அவர் மீசையைப் பிடித்துத் தொங்கினாள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்தூள் விழுந்துவிட்டது என்றார்.

பூதத்தான் மேஸ்திரி மட்டும் பேண்ட்சாவுக்குப் பக்கத்தில் நின்றார். புதுத் தடி ஒன்று பேண்ட்சாவின் தள்ளுவண்டியில் ஏறிக் காத்திருந்தது. அவர் அதைத் தட்டிப் பார்த்தார், பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மில் முழுக்கக் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

"இது எந்த மலைத் தடின்னு எனக்குத் தெரியல. பட்டை கெடாம எந்தப் பக்கம் போட்டு அறுக்கணும்? நீ சொல்லு, அப்படி அறுக்கேன்."

நான் போய்த் தடியைச் சுற்றி வந்தேன். பட்டை நல்ல தடிப்பாக, ஈரமாக, ஒரு இடத்திலும் உரியாமல் இருந்தது. "மேல்புறத்த முதல்ல எடுங்க அண்ணாச்சி. மத்தத அதுவே காட்டித் தரும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், பேண்ட்சா உறுமியது, ரோட்டில் தூரத்தில் கடற்கரைக்காரர்களின் முதல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. நான் ராட்டினத்தில் ஏறி நின்று, "தள்ளுங்கய்யா!" என்றேன். அத்தனை தோளும் ஒன்றாக அழுத்த, மிஷினையும் என்னையும் தூக்கிக்கொண்டு ராட்டினம் முழு வட்டம் சுற்றியது.